அறுபத்தைந்துக்குக் கீழே போனால்

கடலோரம் செய்யூர் பக்கத்தில் ஒரு விவசாயிக்கு நான்காவது பெண்ணாகப் பிறந்ததால் அவருக்கு வேண்டா என்று பெயர் வைத்தார்கள். டாக்டரான பிறகாவது மாற்றிக்கொள்ளேன் என்றவர்களிடம், "வெச்சவங்க வெக்கப்படட்டும். நான் ஏன் மாத்தணும்?" என்றார்.

முப்பத்தெட்டு வயதில் லடாக்குக்குச் சுற்றுலா போனவர், உயரமான கணவாய் ஒன்றில் மயங்கி விழுந்தார். தூக்கி இறக்கிய வழிகாட்டி, "கடலோரத்து ஆட்களுக்கு மலை ஒத்துக்காது. பெண்களுக்குச் சுத்தமாக ஒத்துக்காது" என்றார். தலைவலி மறுநாளே போய்விட்டது. அந்தப் பேச்சு போகவில்லை. ஊருக்கு வந்து ஆய்வுகளைத் தேடிப் படித்தார். ராணுவ வீரர்கள், மலைவாசிகள், மலையேறும் ஆண்கள் என்று எல்லோரையும் அளந்திருந்தார்கள். கடற்கரைப் பெண்களைப் பற்றி ஒரு வரிகூட அவருக்குக் கிடைக்கவில்லை.

தானே ஏறி அளந்துவிடுவது என்று அரசு மருத்துவர் வேலையை விட்டார். காலையில் மாமல்லபுரம் மணலில் ஓட்டம்; ஞாயிறுதோறும் முதுகில் இருபது கிலோ அரிசியோடு திருக்கழுக்குன்றம் மலைப்படி. மூன்று வருடத்தில் இமயத்தில் இரண்டு சிகரங்களைத் தொட்டார். கடலோரப் பெண்களை மேலே அழைத்துப்போய் ஆராய நிதி உதவி கேட்டபோது, அனுபவம் இல்லாதவர் என்று மூன்று இடங்களில் திருப்பி அனுப்பினார்கள். ஊரப்பாக்கத்து வீட்டை விற்றுவிட்டு, நேராக மீனவர் குப்பத்துக்குப் போனார்.

நான்கு பெண்கள் முன்வந்தார்கள். மூத்தவர் காசியம்மாள், தலையில் மீன்கூடையோடு தெருத்தெருவாக நடப்பவர், ஐம்பத்திரண்டு வயது.

"அங்க போயி செத்துட்டா இன்னா பண்ணுவ, டாக்டரம்மா?"

"சாவ வுடமாட்டேன். அதுக்குத்தான் ரூல் போட்டுக்கீறேன்."

விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் சதவீதத்தை அளக்கும் ஆக்சிமீட்டர் அறுபத்தைந்துக்குக் கீழே காட்டினால், யாராக இருந்தாலும் இறங்கிவிட வேண்டும். அதுதான் விதி.

ஒரு வருடப் பயிற்சிக்குப் பிறகு ஐந்து பேரும் லடாக் போய், அங்கே ஒரு வழிகாட்டியையும் உதவியாட்களையும் அமர்த்திக்கொண்டு ஏறினார்கள். பதினாறாம் நாள் ஐயாயிரத்து எழுநூறு மீட்டரில் கூடாரம். மறுநாள் விடிந்ததும் சிகரம். புறப்படுமுன் அளந்தபோது நால்வருக்கும் எழுபதுக்கு மேல். வேண்டாவுக்கு அறுபத்தொன்று, கூடவே இருமல். விரலைத் தேய்த்துச் சூடாக்கி மறுபடி மாட்டினார். அறுபது. வேறொரு மீட்டரை எடுத்தார்.

"எத்தினி தபா மாட்டிப் பாப்ப? ரூலு யாரு போட்டது?" என்று காசியம்மாள் கேட்டார்.

"நான் எறங்கிட்டா மேல யாரு அளக்கறது?"

"இத்தினி நாளா எங்க வெரலத்தான புடிச்சிகினு கீற? பாத்தே கத்துக்கினோம். நோட்ட குடு."

வேண்டாவுக்குக் கண் கலங்கியது. துக்கத்தைவிட ஆத்திரம்தான் அதிகம். ஆனாலும் நோட்டைக் கொடுத்துவிட்டு ஓர் உதவியாளோடு இறங்கினார். மற்ற நால்வரும் வழிகாட்டியோடு ஏறி, சிகரத்தில் கையுறையைக் கழற்றி ஒருவரையொருவர் அளந்து, எண்களை எழுதி வந்தார்கள். ஒன்றுகூட அறுபத்தைந்துக்குக் கீழே இல்லை.

நான்கு பேரை வைத்து உலகத்துக்கே முடிவு சொல்ல முடியாது என்று வேண்டாவே கட்டுரையில் எழுதினார். ஒத்துக்காது என்று இனிமேல் ஆதாரமில்லாமல் சொல்ல முடியாது என்றும் எழுதினார். அந்த நால்வரின் படிப்பு என்ன, கட்டுரையை எழுதியவர்கள் வரிசையில் அவர்கள் பெயர் ஏன் வருகிறது என்று ஆய்விதழ்கள் கேட்டன.

"நான் இறங்கிய பிறகு மேலே நின்று அளந்தவர்கள். அவர்கள் பெயரை எடுத்தால் என் பெயரையும் எடுங்கள்" என்று பதில் போட்டார்.

இரண்டு இதழ்கள் மறுத்தன. மூன்றாவது ஐந்து பெயர்களோடும் வெளியிட்டது. அடுத்த பயணத்துக்குப் பன்னிரண்டு பெண்கள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். யார் தேறுவார்கள் என்று முடிவு செய்யும் பொறுப்பு காசியம்மாளுடையது.