யார் பாகத்திலும் இல்லாத இடம்

கட்டடக்கலைப் படிப்பில் நான்காம் ஆண்டு வந்தால் ஒரு பருவம் முழுக்கக் கல்லூரி கிடையாது. ஏதாவது ஓர் அலுவலகத்தில் இன்டர்ன்ஷிப் செய்தாக வேண்டும். நான் அடையாறில் ஒரு சின்ன அலுவலகத்தில் சேர்ந்தேன். மந்தைவெளியிலிருந்து ஒரே பஸ், அவ்வளவுதான் காரணம். முதல் சில வாரங்கள் மாடலுக்கு அட்டை வெட்டினேன், டைல்ஸ் கடைகளுக்குப் போன் செய்தேன். கடைசியில் ஒரு சான்றிதழ் தருவார்கள், அதோடு விட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

என்னோடு வேறொரு கல்லூரிப் பையன் ஒருவனும் சேர்ந்திருந்தான். அவர்கள் வீடு முன்பு ஆற்றங்கரையில் இருந்தது. அங்கிருந்தவர்களை அப்புறப்படுத்தி ஊருக்கு வெளியே குடியமர்த்திவிட்டார்கள். இரண்டு பஸ் மாறி வருவான். ஆனாலும் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருப்பான்.

எங்கள் இருவரையும் மயிலாப்பூரில் ஒரு வீட்டை அளந்து வரச் சொன்னார்கள். கோயில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்து. வீட்டை இடித்துவிட்டு அடுக்குமாடி வரப்போகிறது. அதற்கு முன் இருப்பதை இருக்கிறபடி வரைந்து தர வேண்டும். அண்ணன், தம்பி இருவர் பாகம் பிரித்துக்கொண்ட வீடு அது. நடுவில் சுவர் எழுப்பி இரண்டாக்கியிருந்தார்கள். அண்ணன் பாகத்துக்கு வாசல் சந்தில், தம்பி பாகத்துக்குப் பின்தெருவில். தம்பி முந்தைய மழைக்காலத்தில் இறந்துபோனார். அந்தப் பாகம் பூட்டிக்கிடந்தது. சாவியை பில்டர் எங்களிடம் கொடுத்திருந்தார்.

அண்ணன் பாங்க்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. நாங்கள் அளக்க அளக்க அறை அறையாக எங்கள் பின்னால் வந்து நிலைப்படியில் நிற்பார். நடு ஹாலுக்கு வந்ததும் மட்டும், எங்களுக்கும் அந்தப் பாகப்பிரிவினைச் சுவருக்கும் நடுவில் போய் நின்றுகொண்டார். நகரச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. அவருடைய தோளுக்கு மேலாக லேசர் கருவியை வைத்து அளந்தேன்.

அலுவலகம் திரும்பி வரைந்தபோது கணக்கு உதைத்தது. இரண்டு பாகங்களின் உள்ளளவையும் கூட்டி, வெளிச்சுவர்களோடு நடுச் சுவரின் கனத்தையும் சேர்த்தால், வெளியளவுக்கு ஏறக்குறைய மூன்றடி குறைந்தது. மறுபடி போய் டேப் போட்டு அளந்தோம். அதே மூன்றடி. வரைபடப் பிரிவில் இருந்த சீனியர் திரையைப் பார்த்துவிட்டு, "நடுச் சுவரைக் கொஞ்சம் தடியாப் போட்டு முடிச்சிடுங்கப்பா. எப்படியும் இடிக்கப் போற வீடுதானே" என்றார்.

நான் தடியாக்கப் போனேன். அவன்தான் மவுஸிலிருந்து என் கையைத் தள்ளினான்.

"மூணடிக்கு எவனாச்சும் சுவரு கட்டுவானா? உள்ள இன்னாவோ கீது மச்சி. இன்னொரு தபா போய்ப் பாத்துடலாம்."

மூன்றாம் முறை போனது ஒரு மத்தியானம். சந்தில் காய்கறி வண்டிக்காரர் கூவிக்கொண்டு போனார். பெரியவர் சமையலறையில் இருந்தார். நான் நடுச் சுவரில் காதை வைத்து, விரல் முட்டியால் மூன்று முறை தட்டினேன். உள்ளே ஒன்றும் இல்லாத பொள்ளல் சத்தம்தான். அவனிடம் அதைச் சொல்லத் திரும்பினேன்.

அப்போது சுவரிலிருந்து மூன்று தட்டல் வந்தது.

எதிரொலி இல்லை. எதிரொலி இவ்வளவு நேரம் காத்திருக்காது. நான் தட்டியதைவிட மெதுவாக, விரல் நோகும் ஒருவர் தட்டுவதுபோல இருந்தது. அவனும் வந்து சுவரில் காதை வைத்தான்.

"தட்டாதேம்மா" என்றார் பெரியவர். எப்போது வந்து நிலைப்படியில் நின்றார் என்று தெரியவில்லை. கையில் காப்பி டம்ளர். "அவனைத் தொந்தரவு பண்ணாதே."

"யாரை மாமா?"

"என் தம்பியைத்தான்."

அவர் உட்கார்ந்துகொண்டு சொன்னார். சுருக்கமாக, பஸ் வழி சொல்வதுபோலச் சொன்னார். அப்பா போன பிறகு இருவருக்கும் பேச்சு முறிந்தது. இவர் ஒரு சுவர் எழுப்பினார். அண்ணன் கட்டிய சுவர் எனக்கு வேண்டாம் என்று தம்பி கொஞ்சம் தள்ளித் தன் பங்குக்கு இன்னொன்று எழுப்பினார். நடுவில் விட்ட இடத்துக்கு எந்தப் பக்கமும் வழி இல்லை. மேலே மொட்டைமாடித் தளம் மூடிவிட்டது.

"என் ஆத்துக்காரி போன அன்னிக்கு அவன் வரலை. காரியமெல்லாம் ஆகி எல்லாரும் கிளம்பின அப்புறம், இங்கே உக்காந்துண்டு சும்மா சுவத்தைத் தட்டினேன். அந்தண்டையிலேர்ந்து அவன் தட்டினான். அன்னிலேர்ந்து தினம் காப்பி குடிச்சதும் நான் தட்டுவேன், அவன் தட்டுவான். தெருவுல பாத்துண்டா மூஞ்சியைத் திருப்பிண்டு போவோம்."

"அவர் இறந்த அப்புறம்?"

"பழக்கம், தட்டினேன்." டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அவனும் நிறுத்தலை."

வெளியே வந்ததும் என் கூட்டாளி, பூட்டிய வீட்டுக்குள் யாராவது ஏறிக் குதித்துக் குடியிருக்கலாம் என்றான். உறுதி செய்ய ஒரு திட்டம் போட்டோம். அவன் சாவியோடு பின்தெரு வழியாகத் தம்பி பாகத்துக்குள் போய் நிற்பது. நான் இந்தப் பக்கம் மூன்று முறை தட்டுவது. பெரியவரிடம் கேட்டேன். எனக்கு வழிவிட்டுக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

தட்டினேன். சிறிது நேரம் கழித்துப் பதிலுக்கு மூன்று வந்தது. அவன்தான் விளையாடுகிறான் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. மறுபடி தட்டினேன், மறுபடி வந்தது. அவன் சுற்றிக்கொண்டு திரும்பி வந்தபோது சட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

"அங்க ஈ காக்கா இல்ல. நீ இன்னாத்துக்கு ஆறு ஆறா தட்டிக்கினு கீற? மூணுன்னுதான சொன்னோம்?"

"நான் மூணுதான்டா தட்டினேன். பதிலுக்கு நீ தட்டினே."

"நான் எங்க தட்டினேன்? காதை வெச்சிக்கினு நின்னேன்."

இருவரும் சுவரைப் பார்த்தோம். பெரியவர் எழுந்து போய் டம்ளரைக் கழுவினார்.

அன்று மாலை வரைபடத்தில் இரண்டு சுவர்களையும் தனித்தனியாகப் போட்டு, நடுவே வெற்றிடம் என்று எழுதினேன். எங்கள் பாஸ் அதை வெகுநேரம் பார்த்தார். பழைய காரைச் சுவர், உள்ளே செங்கல் தளர்ந்து தட்டியிருக்கும் என்றார். ஆனால் எங்கள் அளவைத் திருத்தவில்லை.

இன்டர்ன்ஷிப் முடியும் தறுவாயில் வீட்டை இடிக்க ஆரம்பித்தார்கள். முன்னறைகளை முடித்துவிட்டு, நடு ஹாலின் தளத்தை எடுக்கும் முன், நடுச் சுவரில் முதல் கடப்பாரை விழுந்ததும் மேஸ்திரி கையை உயர்த்தி எல்லோரையும் நிறுத்தினார். சுவரோடு முகத்தை வைத்துக் கத்தினார்: "உள்ள யாருப்பா?" எங்கள் கதை அவருக்குத் தெரியாது. நாங்கள் யாரும் சொல்லியிருக்கவில்லை.

செங்கல்லை ஒவ்வொன்றாகப் பிடுங்கி ஓட்டை போட்டு டார்ச் அடித்தார்கள். நானும் எட்டிப் பார்த்தேன். காய்ந்த காரை, உடைந்த செங்கல், அவ்வளவுதான். தளர்ந்து தொங்கிய எதுவும் இல்லை. ஆனால் அதிலிருந்து ஒரு குளிர்ச்சி வந்து முகத்தில் பட்டது. வெளியே கத்திரி வெயில். ஆட்கள் பூசணிக்காய் உடைத்த பிறகுதான் மறுபடி கடப்பாரையைத் தொட்டார்கள்.

பெரியவர் அதற்குள் மகள் வீட்டுக்குப் போய்விட்டிருந்தார். அன்று மகளோடு ஆட்டோவில் வந்து, இறங்காமல் உட்கார்ந்திருந்தார். தட்டிப் பார்க்க வேண்டும் என்று கேட்பாரோ என்று பயந்தேன். கேட்கவில்லை. என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"நடுவுல இருந்த இடத்தை வரைஞ்சியா?"

"வரைஞ்சேன் மாமா."

"யார் பாகத்துல போட்டே?"

இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. "யார் பாகத்துலயும் போடலை மாமா. தனியா விட்டிருக்கேன்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். கோபமோ என்று பார்த்தேன். முகம் அப்படி இல்லை. "சரியா அளந்திருக்கே" என்று சொல்லிவிட்டு ஆட்டோக்காரரின் தோளைத் தொட்டார். வண்டி கிளம்பியது.

கல்லூரியில் வாய்மொழித் தேர்வு நடத்தியவர், இன்டர்ன்ஷிப்பில் என்ன கற்றாய் என்று கேட்டார். அளவெடுப்பு என்றேன். சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். இப்போது என்னிடமும் இன்டர்ன்கள் வருகிறார்கள். கணக்கு உதைக்கிறது என்று அவர்கள் வந்து நின்றால், எந்த வீடாக இருந்தாலும் கூடவே கிளம்பிப் போகிறேன். எந்தச் சுவரையும் தட்டிப் பார்ப்பதில்லை. அளப்பதோடு சரி.