யதுசிகாவின் கிளினிக் புத்தகத்தில் நான் போட்ட சரி

1. தலைப் படம்

“மிஸ், பிள்ளைக்குத் தலைப் படம் எடுக்கவேணுமாம். எனக்குக் கையும் ஓடேல்லை, காலும் ஓடேல்லை.”

சுகந்தி போனில் இப்படி அழுதபோது நான் வேறொரு வீட்டு வாசலில் ஸ்கூட்டியை நிறுத்திக்கொண்டிருந்தேன். முதலில் வந்தது எரிச்சல்தான். கதைக்காத பிள்ளைக்குப் பேச்சுப் பயிற்சி கேட்டு அனுப்பினால், தலைக்கு ஸ்கான் படமா?

துணுக்காய்ப் பக்கத்தில் நெடுங்காலம் குடும்பநல உத்தியோகத்தராக இருந்தேன். கர்ப்பிணிகளைப் பதிவது, பிள்ளைகளை நிறுப்பது, தடுப்பூசிக்கு வரச்சொல்லி வீடு வீடாகத் திரிவது எங்கள் வேலை. ஊருக்கு நான் ‘மிஸ்’. இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகள் நான் விட்ட பிழையை விடக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். என்னைப் பெரிய ஆளாகக் காட்டும் கதை இதில் இல்லை.

சுகந்தியின் மகள் யதுசிகாவுக்கு அப்போது மூன்று வயதும் இரண்டு மாதமும். வாயில் ஒரு சொல் இல்லை. தண்ணீர் வேண்டுமென்றால் தாயின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்ச் செம்பின் மேல் வைப்பாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். ஆனால் குசினிக்குள் பிஸ்கட் பைக்கற் சரசரத்தால் முற்றத்திலிருந்து ஓடிவருவாள். காதைச் சோதித்தாயிற்று, காது நல்லது. பயிற்சி எவ்வளவு வேளையோடு தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது. பள்ளிக்கூடம் போகும் வயதில் தொடங்கினால் பிள்ளை இரட்டிப்பாகக் கஷ்டப்படும். இதைச் சொல்லிச் சொல்லியே என் தொண்டை வற்றிப்போயிருந்தது.

2. பஸ்ஸில் ஏற்ற நான் பட்ட பாடு

அவர்களைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பவே ஐந்து மாதம் பிடித்தது. முதலில் சுகந்தி சொன்னாள்:

“இவரும் நாலு வயசிலதானாம் மிஸ் கதைச்சவர்.”

“ஆர் சொன்னது?”

“இவர்தான்.”

“நாலு வயசில நடந்தது அவருக்கு ஞாபகமோ?”

சிரித்தாள். போகவில்லை. அடுத்த முறை கோயிலுக்கு மணி நேர்ந்திருப்பதாகச் சொன்னாள். நேர்த்தி முடியட்டுமாம்.

“மணியைக் கட்டுங்கோ பிள்ளை, நான் வேண்டாமெண்டே சொன்னனான்? ஆனா பஸ்ஸிலயும் ஏறுங்கோ.”

பிறகு விதைப்பு. பிறகு மழை. பிறகு அறுவடை. கடைசியில் ஒருநாள் தகப்பன் சிவரூபனை வயல் வரம்பில் வைத்தே பிடித்தேன். லாண்ட்மாஸ்ரர் உழவு மெசினை நிறுத்தாமல் கதைத்தான். நானும் இரைச்சலுக்கு மேலால் கத்தினேன்.

“அங்க கொண்டுபோனா எங்கட பிள்ளைக்கு விசர், பைத்தியம் எண்டு ஊர் கதைக்கும் மிஸ்!”

“ஊர் கதைக்கட்டும் தம்பி! உங்கட பிள்ளையும் கதைக்கவேணுமெல்லோ?”

லாண்ட்மாஸ்ரரை நிறுத்தினான். அடுத்த கிழமை போனார்கள். எனக்கு அன்றைக்கு உலகத்தையே வென்ற மாதிரி இருந்தது. அந்தப் பெருமை சரியாக ஒரு நாள் நின்றது. மறுநாள்தான் அந்தப் போன்.

3. என் எழுத்து

சுகந்தி வீட்டுக்கு நேரே போனேன். “என்னத்துக்காம் படம்? காட்டுங்கோ பாப்பம்” என்று யதுசிகாவின் புத்தகத்தைப் பறிக்காத குறையாக வாங்கினேன். பிறந்த நாளிலிருந்து நிறை, உயரம், ஊசி எல்லாம் எழுதுகிற புத்தகம் அது. எந்த மாதத்தில் பிள்ளை என்னென்ன செய்கிறது என்று சரி போடவும் அதில் கட்டங்கள் உண்டு. பெரியாஸ்பத்திரியில் பிள்ளைகளைப் பார்க்கும் ‘பிள்ளை டொக்டர்’ எழுதியிருந்ததை வாசித்தேன். வந்த பேச்சு நின்றுபோன பிள்ளை என்று இருந்தது. அப்படிப் பேச்சு நின்றால் மூளையில் ஏதும் பிரச்சினையா என்று பார்க்க வேண்டும். அதற்கு வேறு மாவட்டம் போக வேண்டும், முறை வர மாதக்கணக்காகும். அதுவரை பேச்சுப் பயிற்சி இல்லை.

“வந்த பேச்சோ? இவளுக்கு எப்ப பேச்சு வந்தது?” என்று கத்தினேன்.

சுகந்தி புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கினாள். பக்கத்தைத் திருப்பி விரலை வைத்தாள். பதினெட்டாம் மாதம். ‘சில சொற்கள் கதைக்கிறது’ என்ற கட்டத்துக்குள் ஒரு சரி. அருகே என் கையெழுத்து.

அந்த நாள் எனக்கு ஞாபகம் வந்தது. பொதுநோக்கு மண்டபத்தில் கிளினிக், ஊசி நாள், நிற்க இடமில்லாத சனம். பிள்ளை தாயின் தோளில் நித்திரை. நான் தலை நிமிராமலே “கதைக்கிறாள்தானே?” என்று கேட்டேன். “ஓம் மிஸ்” என்றாள் சுகந்தி. போட்டேன் சரி. “அடுத்த ஆள் வாங்கோ.” அவ்வளவுதான். அன்றைக்கு எல்லாப் புத்தகத்திலும் அப்படித்தான் போட்டேன்.

“சரி, நான்தான் போட்டன். டொக்டர் கேட்கேக்க நீங்கள் ‘இல்லை டொக்டர், இவள் ஒருநாளும் கதைக்கேல்லை’ எண்டு சொல்லியிருக்கலாமெல்லோ பிள்ளை?”

“டொக்டர் புத்தகத்தைப் பாத்திட்டு, முந்திக் கதைச்சவளோ எண்டு கேட்டவர். நானும் ஓமெண்டிட்டன்.”

“ஏன்?”

“நீங்கள் எழுதினதைப் பிழையெண்டு நான் எப்பிடிச் சொல்லுறது மிஸ்? உங்களுக்கெல்லோ பிரச்சினை வரும்.”

தன் பிள்ளைக்கு வைத்தியம் பிழையாகப் போனாலும் மிஸ்ஸுக்கு ஏச்சு விழக்கூடாது என்று நினைத்திருக்கிறாள்! அவளுக்கு ஏசுவதா, கையெடுத்துக் கும்பிடுவதா என்று தெரியவில்லை. கோபம் முழுக்க என்னில் திரும்பியது. ஐந்து மாதமாக அவளை நச்சரித்தேனே, அதற்கு முன்னால் ஒன்றேகால் வருடத்தை நானே ஒரு பேனைக் கோட்டால் தின்றிருக்கிறேன்.

4. “எத்தனை புத்தகம்?”

அடுத்த கிளினிக் நாளில் சுகந்தியோடும் யதுசிகாவோடும் நானும் பெரியாஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினேன். ஓய்வுக்கு ஒரு வருடமும் இல்லை. என் கையால் பிழையை எழுதிக் கொடுத்தால் என்ன வருமோ என்ற பயம் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

பிள்ளை டொக்டர் வயதில் என்னைவிட நன்றாக இளையவர். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு கேட்டார்:

“மிஸ், பிள்ளையைப் பாக்காமலே சரி போட்டனீங்களோ?”

“ஓம் டொக்டர்.”

“இப்பிடி எத்தனை புத்தகத்தில போட்டிருக்கிறியள்?”

“தெரியாது டொக்டர்.”

என் வேலைக்காலத்தில் நான் சொன்ன மிகக் கேவலமான பதில் அதுதான். அவர் ஏசியிருந்தாலாவது ஆறுதலாக இருந்திருக்கும், ஏசவில்லை. புத்தகத்தை என் பக்கம் தள்ளினார். சரியை வெட்டி, ‘தாயிடம் கேட்டு எழுதியது, நேரில் பார்க்கவில்லை’ என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். அவர் சுகந்தியிடமும் பொறுமையாக எல்லாவற்றையும் முதலிலிருந்து விசாரித்தார். வந்து நின்ற பேச்சு இல்லை என்று தெரிந்ததும், தலைப் படம் இப்போதைக்கு வேண்டாம் என்றார். அந்தக் கிழமையே பேச்சுப் பயிற்சிக்கு எழுதினார்.

5. முற்றத்தில் ஒரு சொல்

பயிற்சி என்றால் வாய்க்குள் ஏதோ செய்வார்கள் என்று சிவரூபன் நினைத்திருந்தான். போனை எடுத்து வையுங்கள், பிள்ளையின் முகத்துக்கு நேரே இருந்து விளையாடுங்கள், பிள்ளை கேட்பதற்கு முன் எதையும் கொடுக்காதீர்கள், கொஞ்சம் பொறுத்திருங்கள் என்றுதான் சொல்லிவிட்டார்கள்.

“இதுக்கோ மிஸ் ரெண்டு பஸ் மாறிப் போனனாங்கள்?” என்று என்னோடு பாய்ந்தான். ஆனால் செய்தான். வயலால் வந்து, குளித்து, பந்தை உருட்டிவிட்டு மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு குந்தியிருப்பான்.

ஏழு மாதம் போனது. ஒருநாள் நான் படலையைத் திறக்க முதலே சுகந்தி ஓடிவந்தாள்.

“மிஸ், ‘தா’ எண்டு சொல்லிப்போட்டாள்! பந்தைப் பாத்து, தேப்பனைப் பாத்து, ‘தா’ எண்டவள்! எழுதுங்கோ மிஸ்!”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தேன்.

“பந்தைக் கொண்டாங்கோ. நானும் ஒருக்காக் கேக்கிறன்.”

பந்தை நான் கையில் வைத்திருந்தேன். யதுசிகா பந்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கோழியைப் பார்த்தாள். தேத்தண்ணி ஆறிப்போனது. முக்கால் மணித்தியாலம் இருந்தேன். பிள்ளை வாயே திறக்கவில்லை. நான் புத்தகத்தை மூடினேன்.

சுகந்திக்கு வந்ததே கோபம்!

“அண்டைக்குக் கேளாமலே போட்டனீங்கள். இண்டைக்கு நான் கேட்டனான் எண்டு சொல்லியும் போடமாட்டியளோ!”

“ஓம் பிள்ளை, போடமாட்டன்” என்றேன். என்னை ஒருவரும் அந்த ஊரில் அவ்வளவு உரிமையாக ஏசியதில்லை. அதே வாய்தான் டொக்டருக்கு முன்னால் எனக்காகப் பொய் சொன்னது.

புதிதாக வந்தவர்களுக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான். தாயைக் கேளுங்கள், ஆனால் பிள்ளையைப் பார்க்காமல் எழுதாதீர்கள். பிள்ளை நித்திரை என்றால் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு இன்னொரு நாள் வீட்டுக்குப் போங்கள். வெறுங்கட்டத்துக்காக மேலிடம் உங்களை ஏசும். ஏச்சை வாங்குங்கள். வெறுங்கட்டத்தைக் கண்டால் யாராவது திரும்பத் தேடி வருவார்கள், சரி போட்ட பிள்ளையை ஒருவரும் தேடி வரமாட்டார்கள்.

அடுத்த கிழமையும் போனேன். அதற்கடுத்த கிழமையும் போனேன். மூன்றாவது கிழமை, பந்தை என் மடியில் வைத்துக்கொண்டு இருந்தபோது, யதுசிகா என் முழங்காலில் கையை ஊன்றி, என் முகத்தைப் பார்த்து, “தா” என்றாள்.

பந்தைக் கொடுத்துவிட்டுத்தான் பேனையை எடுத்தேன்.