மூன்றாவது தடவை கூப்பிட்ட புல்

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாக ஆகாத காலம். கல்வராயன் மலையில் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்தேன். ஒரு மார்கழிக் காலை, தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு, பஸ்ஸை விட்டு இறங்கி ஒற்றையடிப் பாதையில் தனியாக நடந்துகொண்டிருந்தேன். பத்து மணி என்றுதான் பெயர், பனி விலகவே இல்லை. நாலடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை.

ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை. இரண்டு பக்கமும் இடுப்புயரப் புல். யாரோ பார்த்துக்கொண்டே இருப்பதுபோல முதுகு கூசியது. நான் பயந்தாங்கொள்ளி இல்லை. ஆனால் அன்று என் செருப்புச் சத்தமே எனக்குப் பிடிக்கவில்லை.

"யக்கா."

வலது பக்கப் புல்லுக்குள்ளிருந்து, மெல்ல. ஓரக்கண்ணால் பார்த்தேன். ஆளே இல்லை.

காட்டில் யாராவது கூப்பிட்டால் மூன்றாவது தடவைதான் திரும்ப வேண்டும் என்பது எங்கள் பக்கத்தில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். காத்து கருப்புக்கு இரண்டு தடவைக்கு மேல் கூப்பிட வராதாம். நர்ஸ் படிப்பு படித்தவள்தான் நான். படித்ததெல்லாம் பெட்டிக்குள் போய் ஒளிந்துகொண்டது. நடையை எட்டிப் போட்டேன்.

"யக்கா!" இப்போது இன்னும் பக்கத்தில். குலசாமியைக் கூப்பிட்டுக்கொண்டே ஓடினேன்.

"யக்கோவ்! நில்லுங்க! கம்பியில கரண்ட்டு ஓடுது!"

மூன்று! கால் தானாக நின்றது. குனிந்து பார்த்தால், புடவைக்கு ஒரு சாண் முன்னால் பாதையின் குறுக்கே மெல்லிய கம்பி. மரவள்ளிக் கொல்லைக்குப் பன்றி வராமலிருக்க யாரோ ராத்திரி இழுத்த திருட்டுக் கரண்ட், காலையில் எடுக்காமல் கிடந்தது. கம்பிக்கு அந்தப் பக்கம் ஒரு நாய் விறைத்துக் கிடந்தது.

அப்புறம் புல் எழுந்து நின்றது. சத்தியமாகச் சொல்கிறேன், அப்படித்தான் இருந்தது. உடம்பெல்லாம் புல்லைக் கட்டிக்கொண்டு, முகத்தில் சேறும் கரியும் பூசிய ஆறு பேர். நான் வந்த வழி நெடுகப் படுத்திருக்கிறார்கள். ஒருவரை மிதிக்காத குறை. கம்பியைவிட அந்தக் கண்களுக்குத்தான் நான் அதிகம் நடுங்கினேன்.

ஒருவர் காய்ந்த மூங்கிலால், மேலே கரண்ட் லைனில் மாட்டியிருந்த கம்பியின் கொக்கியைத் தட்டிவிட்டார். என்னைக் கூப்பிட்டவர் எங்கள் பக்கத்து நைனார்பாளையத்துக்காரராம்.

"இன்னாங்க நீங்க, கூப்புடக் கூப்புட ஓடுறீங்க? நாங்க மிலிட்டரிங்க. கமாண்டோ படைக்கு ஆளு எடுக்குற சோதனை. ஒருத்தரு வழி பாப்பாரு, ஒருத்தரு வயர்லெஸ்ஸு, ஒருத்தரு வைத்தியம். யாரு விழுந்தாலும் அவரு வேலைய மத்தவங்க பாக்கணும். மூணு நாளா இப்டியே படுத்துக்கினு இருக்கோம். தேடுறவங்களுக்குத் தெரியாம சாயங்காலம் வரைக்கும் இருந்தா பாஸு."

அவர் சொல்லி முடிக்கவில்லை, மேட்டிலிருந்து தேடுகிறவர்களின் விசில் கேட்டது. அவர் போட்ட சத்தம் அங்கே எட்டிவிட்டது. ஆறு பேரும் ஒரே நேரத்தில் தலையைத் தொங்கப் போட்டார்கள்.

"இப்போ இன்னா ஆவும்?" என்று கேட்டேன்.

"இனிமே அடுத்த வருசந்தாங்க. ஆறு பேருக்கும்."

அந்த ஆறு பேருக்குத் தலைவர் வடக்கத்திக்காரர். என்னிடம் தண்ணீரை நீட்டிவிட்டு, நைனார்பாளையத்துக்காரரிடம் இந்தியில் ஏதோ கேட்டார். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"மொதல்ல மெதுவாத்தானே கூப்ட்ட, அப்பறம் ஏண்டா கத்துனன்னு கேக்குறாரு. நம்மூருக்காரங்க மூணாவது தடவைதான் நிப்பாங்கன்னு இந்தியில எப்டிங்க சொல்றது?"

அந்த முதல் மெல்லிய குரலுக்கே நான் நின்றிருந்தால் மேட்டுக்கு ஒன்றும் கேட்டிருக்காது. அவர் அதைச் சொல்லவில்லை. எனக்கே உறைத்தது. தடுப்பூசிப் பெட்டி மேலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

இப்போதெல்லாம் யார் ஒரு தடவை கூப்பிட்டாலும் திரும்பிவிடுகிறேன். பேயாக இருந்தாலும் இருந்துவிட்டுப் போகட்டும், மூன்றாவது தடவை கூப்பிட ஒரு மனிதன் எதையெல்லாம் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும் என்பதைக் கண்ணால் பார்த்தவள் நான்.