சிங்கப்பூர் தசமி

அப்பாவின் முதல் வருஷத் திதி மாசி மாத வளர்பிறை தசமியில் வந்தது. தேதி என்றால் சுவரில் தொங்கும் நாள்காட்டியைப் பார்த்துச் சொல்லிவிடலாம். திதி சந்திரன் கணக்கு. அது காலையிலும் பிறக்கும், மத்தியானத்திலும் பிறக்கும். எந்த நாளின் பிற்பகலில் அந்தத் திதி நிற்கிறதோ அந்த நாளில்தான் கொடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டரை மணிக்குத் தசமி பிறக்கிறது என்றது எங்கள் வீட்டுப் பஞ்சாங்கம். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் தம்பியின் செல்போனோ மூன்று மணி என்றது.

"மூணு மணிக்கு மேல பொறக்கிற தசமியை வச்சு எப்படிண்ணே குடுக்கிறது? திங்கக்கிழமைதான்."

"அச்சடிச்ச பஞ்சாங்கம் பொய் சொல்லுமாடா?"

"இது கம்ப்யூட்டர் கணக்குண்ணே."

மூன்று வாரம் போனில் இதே சண்டை. அப்பா இருந்திருந்தால் இரண்டு பேரையும் வயலுக்குத் துரத்தியிருப்பார். அவருக்குப் பஞ்சாங்கத்தில் பெரிய நம்பிக்கை கிடையாது. பிடிக்காத உறவினர் வீட்டு விசேஷம் என்றால் மட்டும் அந்தத் திசையில் சூலம் என்று சொல்லிவிடுவார்.

சனிக்கிழமை தம்பி வந்து இறங்கினான். மறுநாள் காலை என் மனைவி வெங்காயம் இல்லாமல் சமைத்துக்கொண்டிருக்க, அவன் வண்டியை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய்விட்டான். நான் மூத்தவன், நானே கொடுத்துக்கொள்கிறேன் என்று வேட்டி மாற்றினேன்.

பதினொரு மணிக்கு மயிலாடுதுறையிலிருந்து ஐயர் வந்தார். கொஞ்ச நேரத்தில் தம்பியும் திரும்பி வந்து, செல்போனை அவரிடம் நீட்டினான். "நீங்களே பாருங்க சாமி."

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். "மேல ஊர் பேர் சிங்கப்பூர்னு இருக்கே தம்பி. அங்க மணி நமக்கு ரெண்டரை மணி முன்னாடி இல்லையா? இதுல இருக்கிறது அந்த ஊர் மூணு மணி."

தம்பி ஊரை மயிலாடுதுறை என்று மாற்றினான். மூன்று, பன்னிரண்டரை ஆனது. நான் சிரிப்பை அடக்கத் தோட்டத்துப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"சரி, தம்பியும் குளிச்சிட்டு வந்து உக்காருங்க. காலையில ஒண்ணும் சாப்பிடலையே?"

தம்பி தரையைப் பார்த்தான். "ரெண்டு முட்டை தோசை."

ஐயர் பெருமூச்சு விட்டார். "அண்ணன் குடுக்கட்டும். நீங்க குளிச்சிட்டு வந்து பின்னாடி நின்னு கும்பிடுங்க."

ஈர வேட்டியோடு வந்து நின்றான். எள்ளும் தண்ணீரும் இறைக்கும்போது பின்னால் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் மெதுவாகக் கேட்டான். "அண்ணே, ராகு காலமும் ஊருக்கு ஊர் மாறுமா?"

"சூரியன் உதிக்கிறதை வச்சுத்தானடா அது. மாறாதா பின்ன?"

"இங்கேருந்து கொண்டுபோன காலண்டரைப் பார்த்துதான் என் பொண்டாட்டி வேலைக்குக் கிளம்புறா. திங்கக்கிழமை ஏழரைலேருந்து ஒம்போது ராகு காலம்னு, அது முடிஞ்சு ஒம்போதுக்குத்தான் வாசப்படி தாண்டுவா."

கணக்குப் போட்டுப் பார்த்தோம். அங்கே சூரியன் உதிப்பது ஏழு மணிக்கு; அப்படியானால் திங்கட்கிழமை ராகு காலம் எட்டரையிலிருந்து பத்து. ஆறு வருஷமாகத் திங்கட்கிழமைதோறும் அவள் சரியாகச் சிங்கப்பூர் ராகு காலத்தில்தான் கிளம்பியிருக்கிறாள். அதற்குள் இரண்டு பதவி உயர்வு.

தம்பி செல்போனைக் கவிழ்த்து வைத்தான்.

"அவகிட்ட சொல்ல வேணாம்ணே. விட்ருங்க."