கண்ணாடிக்கடை அக்காவின் துப்பாக்கி

இரண்டு கைத்துப்பாக்கிகளை மேசைமேல் வைத்து, ஒன்றைக் கைக்குட்டையால் மூடுகிறார் அக்கா. மூடாததை எடுத்து ஐந்து தோட்டா சுடுகிறார். பிறகு கைக்குட்டை இடம் மாறுகிறது, அடுத்ததில் ஐந்து. மறுபடியும் முதலாவது. மூன்றாவதாக ஒன்றை யாராவது பக்கத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டால் அக்காவுக்குப் பிடிக்காது. "ஒரு நேரத்துல ரெண்டுதான் பாக்கணும். மூணு வச்சா மனசு பொய் சொல்லும்."

எங்கள் சுடுகளத்தில் அவருக்கு 'இதுவா அதுவா அக்கா' என்று பெயர். பெயர் வைத்தது நான்தான் என்று நினைக்கிறேன். வேறு யாரும் உரிமை கொண்டாடவில்லை. கண்ணாடிக்கடை வைத்திருக்கிறார். கனமான சோதனைச் சட்டத்தை நம் மூக்கில் ஏற்றி, வில்லைகளை மாற்றி மாற்றிச் செருகி, "இது தெளிவா? அது தெளிவா?" என்று கேட்பதுதான் அவர் பிழைப்பு. என் கண்ணாடியும் அவர் கைவண்ணம்தான். கண் சோதித்த அன்றைக்கு அவசரத்தில், "ரெண்டும் ஒண்ணுதான் அக்கா" என்று சொல்லிப் பார்த்தேன். "ரெண்டும் ஒண்ணா இருக்கவே முடியாது. அவசரப்படாம பாருங்க" என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். பசியோடு வீட்டுக்குப் போனேன், ஆனால் அந்தக் கண்ணாடியைப் பற்றி இன்றுவரை எனக்கு ஒரு குறையும் இல்லை.

கழுத்துக் கயிற்றில் ஒரு சின்னத் திருப்புளி தொங்கும். எதிரில் நிற்பவரின் கண்ணாடி கொஞ்சம் ஆடினாலும் போதும், பேச்சு பேச்சாக இருக்கும்போதே அதைக் கழற்றி, திருகாணியை முறுக்கி, நம் காதில் மாட்டிவிட்டுத்தான் வாக்கியத்தை முடிப்பார். கடன் கேட்க வந்தவன்கூட கண்ணாடி சரியாகித் திரும்பிப் போவான்.

அவர் வீட்டுக்காரர் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர். வாழ்நாள் முழுக்கப் பக்கத்து இருக்கையில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து பழகியவர் ஆதலால், எதற்கும் பதறமாட்டார். களத்து வாசல் பெஞ்சில் செய்தித்தாளோடு உட்கார்ந்துகொள்வார். அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: துப்பாக்கி வீட்டுக்கு வரக்கூடாது, களத்துப் பெட்டகத்திலேயே இருக்க வேண்டும். அக்கா உடனே ஒத்துக்கொண்டார். "என்னைக் கட்டிக்கிறதுக்கு முன்னாடியும் இன்னொருத்தனைப் பக்கத்துல நிக்கவச்சுப் பாத்திருப்பா" என்று அவர் ஒருநாள் எங்களிடம் சொன்னார்.

"பாத்தேன்" என்றார் அக்கா. "அந்த ஆளு கொஞ்சம் மங்கலா தெரிஞ்சாரு."

அக்கா வாங்க நினைப்பது பாயிண்ட் டூ டூ ரகம். சின்னத் தோட்டா, கை உதறாத அளவுக்குச் சின்ன உதைப்பு. காகிதத்தைத் தவிர வேறெதையும் சுடுகிற ஆசை அவருக்கு இல்லை. ஆனால் காகிதத்தின் மேல் தீராத ஆசை. களங்களுக்கிடையேயான போட்டிக்கு எங்கள் அணியில் ஓர் இடம் காலியாக இருந்தது. சொந்தத் துப்பாக்கி இருந்தால் அந்த இடம் அக்காவுக்கு என்று பேச்சு. பள்ளிக்கூடத்தில், சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட அக்காவை எந்த விளையாட்டிலும் சேர்க்கவில்லை. பந்து பட்டு உடைந்தால் யார் பதில் சொல்வது என்று ஓரமாக உட்காரவைத்து, எல்லோருடைய செருப்புக்கும் காவல் போட்டுவிட்டார்கள். ஐம்பது வயதைத் தாண்டி முதன்முதலாக ஓர் அணி அவரைக் கூப்பிடுகிறது. இதை அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

வாங்குவதற்கான அனுமதி கையில் இருந்தது. அதற்குக் கெடுவும் இருந்தது. கெடு முடிந்தால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதற்குள் போட்டி முடிந்துவிடும். அக்காவோ ஒவ்வொரு வாரமும் ஒரு துப்பாக்கியைத் தள்ளிக்கொண்டிருந்தார். இதற்கு விசை கனம். அதற்குப் பிடி பருமன். இன்னொன்று "இடது பக்கமா இழுக்குது." விற்கிறவர் நல்ல மனிதர். ஒவ்வொன்றையும் துடைத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டு, "அடுத்த வாரம் வேற கொண்டாரேன்" என்பார். அவர் பொறுமைக்கே ஒரு பதக்கம் தரலாம்.

பிறகுதான் அந்தக் கூத்து நடந்தது. ஒருநாள் கடையிலிருந்து நேராக வந்தவர், கண்ணாடி மாற்ற மறந்துவிட்டார். திருகாணி முறுக்கும்போது போடுகிற, கிட்டத்தில் இருப்பதைப் பார்க்கும் கண்ணாடி மூக்கில் இருந்தது. இலக்குத் தாள் வெறும் சாம்பல் பஞ்சாகத் தெரிந்ததாம். வந்ததற்குச் சுட்டுவிட்டுப் போவோம் என்று சுட்டார். தாளை இழுத்துப் பார்த்தால் எல்லாம் நடுவில்.

விஷயம் இதுதான். சுடும்போது கண்ணுக்குக் கூர்மையாகத் தெரியவேண்டியது குழலின் நுனியில் இருக்கும் முன்குறி. தாள் மங்கலாக இருந்தால் மோசமில்லை. அக்காவோ தொழில் பக்தியில், தூரத்துத் தாளின் எண்களைக்கூடப் படிக்கும்படி தனக்கே ஒரு வில்லை தேய்த்துப் போட்டிருந்தார். முன்குறி கலங்கலாகத் தெரிந்தது. பழி, பாவம், துப்பாக்கிகள் மேல் விழுந்தது.

இது புரிந்ததும் அக்கா தாளையும் கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் சிரிக்கத் தொடங்கியவர், பெஞ்சில் உட்கார்ந்துதான் சிரித்து முடித்தார். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம். ஊருக்கெல்லாம் கண்ணாடி போட்டுட்டு நான் பண்ணின வேலையைப் பாருங்க." அதோடு விட்டாரா? "அநியாயமாத் தள்ளிட்டேன். எல்லாத்தையும் முதல்ல இருந்து பாக்கணும்" என்றார். விற்கிறவர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

அப்படியே பார்த்தார். கை நீட்டும் தூரத்துக்குத் தோதாகப் புதிய வில்லை போட்டுக்கொண்டு, தள்ளியவற்றையெல்லாம் திரும்ப அழைத்து, இரண்டிரண்டாக நிறுத்திப் பார்த்ததில், கெடு முடியும் நாள் சாயங்காலம் மேசையில் இரண்டு மிஞ்சின.

ஒன்று அழகு ராணி. வழவழவென்ற மரப்பிடி. தாளில் துளைகளை ஒரு காசுக்குள் அடக்கும். ஆனால் தோட்டா விஷயத்தில் ராணிக்கு நாக்கு நீளம். உயர்ந்த ரகம் தந்தால் சாப்பிடும், சாதா ரகம் தந்தால் தொண்டையில் சிக்கவைத்துக்கொண்டு நின்றுவிடும். மற்றது கறுப்பு, மொட்டை, பார்க்க ஒரு கதவுத் தாழ்ப்பாள் போல இருக்கும். எதைப் போட்டாலும் விழுங்கும்; நாள்கணக்கில் துடைக்காமல் விட்டும் ஒருமுறைகூட நிற்கவில்லை. துளைகள் மட்டும் ராணியைவிட ஒரு விரல் அகலமாக விழும்.

"தாளைப் பாத்தா இது. மனசுக்கு அது" என்றார் அக்கா. கைக்குட்டை இங்குமங்கும் போய்வந்தது. தாளைப் பதியவேண்டிய அலுவலகம் மூட நேரமாகிக்கொண்டிருந்தது. கையெழுத்து வாங்க அனுமதித் தாளோடு விற்கிறவர் நின்றார். உள்ளே வரவே வராத வீட்டுக்காரர், செய்தித்தாளை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு உள்ளே வந்து நின்றார்.

எங்கள் பயிற்சியாளர்தான் பேசினார். "அக்கா, தாளை விடுங்க. காலித் துப்பாக்கியைக் கையில எடுங்க. கண்ணை மூடிக்கிட்டு, சுடுற மாதிரி கையைத் தூக்குங்க. அப்புறம் கண்ணைத் திறந்து பாருங்க. குறி தானா நேரா நின்னா, அது உங்க கைக்குன்னே செஞ்சது."

"கண்ணை வச்சுப் பொழைக்கிறவகிட்ட கண்ணை மூடச் சொல்றீங்களே" என்றார். ஆனாலும் மூடினார். முதலில் ராணியைத் தூக்கி, திறந்து பார்த்தார். குழல் கொஞ்சம் மேலே பார்த்துக்கொண்டிருந்தது. கீழே வைத்தார். கறுப்பை எடுத்து, காலிதானா என்று இன்னொருமுறை சரிபார்த்து, கண்ணை மூடிக் கையைத் தூக்கினார். கை எழுந்து, நின்றது. தோள் மெதுவாக இறங்கியது. முகத்தில் இருந்த சுருக்கம் ஒவ்வொன்றாக விலகியது.

"திறந்து பாருங்க அக்கா" என்றார் பயிற்சியாளர்.

அக்கா திறக்கவில்லை. மூடிய கண்ணோடு, இடது கையை விற்கிறவர் பக்கமாக நீட்டி, "பேனா குடுங்க" என்றார்.