தண்ணீர் தெறிக்காமல்

எண்பதுகளின் கடைசியில், பள்ளி விட்டதும் ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து ரயிலேறி நகரத்து நீச்சல் குளத்துக்கு டைவிங் பயிற்சிக்குப் போவேன். திரும்பும்போது மகளிர் பெட்டியில் என் ஈரத்தலை பக்கத்தில் இருப்பவர்களை நனைக்கும். கீரை விற்றுவிட்டுக் காலிக் கூடையோடு திருநின்றவூர் திரும்பும் ஓர் அக்கா ஒருநாள் கேட்டேவிட்டார்.

"இன்னா கண்ணு, தெனம் தலைக்கு ஊத்திக்கினு வர்ற? ஊட்ல தண்ணி வர்லியா?"

உயரப் பலகையிலிருந்து கரணம் அடித்துக் குதிக்கிற போட்டி என்றேன். தங்கள் ஊர் ஏரியில் பையன்கள் நாளெல்லாம் அதைத்தானே செய்கிறார்கள், அதற்கு எதற்கு ரயில் என்றார். தண்ணீரில் தப்பாக விழுந்து கன்றிப்போன தோளைக் காட்டினேன். அம்மாவுக்குக்கூடக் காட்டியதில்லை, பார்த்தால் நிறுத்திவிடுவாள். அக்கா தொட்டுப் பார்த்தார்.

மாநிலப் போட்டியன்று அப்பாவுக்குத் தொழிற்சாலையில் ஷிஃப்ட். அம்மாவுக்குப் பார்க்கத் தைரியமில்லை. அக்காதான் கூடையோடு வந்து உட்கார்ந்திருந்தார். குளத்துக்கு முதுகைக் காட்டி, குதிகால் பலகைக்கு வெளியே தொங்க நிற்கவேண்டிய டைவ் அது. குதித்தேன். முதல் பரிசு வந்தது. திரும்பும் ரயிலில் பார்த்தால், அக்காவுக்கு அதில் திருப்தியில்லை.

"ரெண்டாவதா வந்த பொண்ணு குதிச்சா தண்ணி எம்மா தூரம் அடிச்சிது. உனுக்கு ஒண்ணுமே தெறிக்கல. எப்பிடி குட்த்தாங்க?"

தெறிக்காமல் உள்ளே போவதுதான் வித்தை என்று புரியவைப்பதற்குள் ஆவடி வந்துவிட்டது. அவரும் என்னோடு இறங்கி வீட்டுக்கு வந்து, அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அம்மா ஒன்றுதான் கேட்டாள்.

"பயந்தாளா?"

"காலு ஆடிச்சி. ஆனா குதிச்சிட்டா."

அடுத்த வருடம் அம்மாவும் வந்தாள். என் முறை வந்ததும் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாளாம். நான் தண்ணீரிலிருந்து வெளியே வந்த பிறகும் திறக்கவில்லையாம். வெளியூர்ப் போட்டிகளுக்குப் போனபோதெல்லாம் அந்த இருவரும் அப்படி உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டுதான் பலகையேறினேன்.

தொண்ணூறுகளின் நடுவில் தோள் மூட்டு விலகியது. இனிக் குதிக்கக்கூடாது என்றார் டாக்டர். விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைத்த வேலைக்கு அதே ரயிலில் போய்வந்தேன். சாயங்காலம் குளத்துப் பக்கம் போகாமல் நேரே வீடு திரும்புவது பழக வெகுநாளானது.

அதற்குள் அம்மாவும் அக்காவும் சிநேகிதிகளாகியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து, வேறு யாரோ ஒரு பெண்ணைப் பற்றிப் பேசுவதுபோல நான் குதித்ததைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். நான் உள்ளே காபி கலந்துகொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன்.