பூனை போன பதினாலாவது வடிவம்

எடிட்டிங் அறையில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையோடு சரி.

ஒரே படத்தின் பழைய வடிவையும் புதிய வடிவையும் இரண்டு திரைகளில் ஓடவிட்டு, எங்கே என்ன மாறியிருக்கிறது என்று நொடி பிசகாமல் பட்டியல் போடுவது அவள் வேலை. அதை வைத்துத்தான் இசையையும் குரலையும் சரிசெய்வார்கள். பதினோரு வருடத்தில் திரையில் யாருடைய கொட்டாவியும் அவள் கண்ணுக்குத் தப்பியதில்லை. தப்பியதெல்லாம் மகளின் பள்ளி நாடகங்கள்தான். மூன்று வருடம், மூன்று நாடகம்.

"இந்தத் தடவையும் வரலைன்னா பரவாயில்லம்மா, பழகிடுச்சு" என்றாள் மகள் காலையில், பல் தேய்த்துக்கொண்டே. ஒன்பது வயதுப் பெண் பேசுகிற பேச்சா இது!

நாடகம் நாலு மணிக்கு. மூன்றரை மணிக்கு இயக்குநர் புயலாக நுழைந்தார். சோப்புக் கம்பெனிக்கு எடுத்த நாற்பது நிமிடப் படம், பதினாலாவது வடிவம்.

"தலைகீழா மாத்திட்டேன்மா! பட்டியல் இன்னிக்கே வேணும்."

தலைகீழ் என்றால் ஐந்து மணி நேர வேலை. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போதுதான் போன வாரம் போட்ட மென்பொருள் ஞாபகம் வந்தது. இரண்டு வடிவங்களையும் அதுவே ஒப்பிட்டுச் சொல்லிவிடுமாம். இத்தனை நாளும் அதைச் சக்களத்தி மாதிரி முறைத்துக்கொண்டிருந்தவள், ஆபத்துக்குப் பாவமில்லை என்று பொத்தானை அழுத்தினாள்.

ஆறே நிமிடம். ஒரே ஒரு வரி வந்தது: பத்தொன்பதாவது நிமிடத்தில் இரண்டு நொடி குறைவு. போய்ப் பார்த்தாள். சோப்புக் கம்பெனி முதலாளி பேசும்போது பின்னால் நடந்து போன பூனையைக் காணோம். அவ்வளவுதான்! இதற்கா இந்த ஆர்ப்பாட்டம்?

இதை நம்பலாமா? தனியாக ஒரு நகல் எடுத்து, நடுவில் ஒரே ஒரு ஃபிரேமைக் கறுப்பாக்கிக் கொடுத்தாள். கள்ளி, அதையும் பிடித்துவிட்டது! "நீ என் ரத்தம்டி" என்று திரையைத் தட்டிக்கொடுத்தாள்.

"சார், பூனை மட்டும்தான் போயிருக்கு."

"அந்தப் பூனைதான்மா படத்தையே கெடுத்துச்சு! இப்ப தலைகீழா மாறலையா?"

"மாறிடுச்சு சார், மாறிடுச்சு!" என்று சொல்லும்போதே அவள் பாதிப் படி இறங்கியிருந்தாள்.

ஓட்டமும் நடையுமாகப் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது நாடகம் தொடங்கிவிட்டது. கதவுவரை கூட்டம். எட்டிப் பார்த்தாள். மகள் அரண்மனைக் காவலாளி. அவளுக்கு ஒரே வசனம்: "ராணியார் வருகிறார், வழி விடுங்கள்!" வீட்டில் நூறு தடவை கேட்டது, ஒரு எழுத்து மாறியதில்லை.

ராணி வரும் நேரம். மகள் அட்டை ஈட்டியைத் தூக்கினாள், வாயைத் திறந்தாள், கதவுப் பக்கம் பார்த்தாள்.

"எங்கம்மா வந்துட்டாங்க, வழி விடுங்க!"

கிரீடத்தைப் பிடித்தபடி ராணி திகைத்து நின்றாள். அரங்கமே திரும்பிப் பார்த்துச் சிரித்தது. பிறகு காவலாளி சொன்னபடியே நாற்காலிகள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. அழுகையும் சிரிப்புமாகப் பூதக்கண்ணாடி நடுவே நடந்து முன்வரிசைக்குப் போனாள்.